மினிக்ஸ் 3: செத்துச் செத்துப் பிழைக்கும் கேர்ணல் ஒன்றோடு இரண்டு மாதங்கள்

கொக்குவிலில் நான் நடத்தும் சிறிய கணினி வகுப்பில், உயர்தரப் பாடத்திட்டத்தின் பணிசெயல் முறைமை அலகு வரும்போதெல்லாம் ஒரே சிக்கல்தான். கேர்ணல் என்பது வன்பொருளுக்கும் பயனரின் செய்நிரல்களுக்கும் இடையில் நிற்கும் மென்பொருள் என்று பிள்ளைகள் மனனம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தப் பொருளை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. ஒருமுறை, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் சொல்லைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு விடைத்தாளில் 'கேணல்' என்றே எழுதியிருந்தான். படைத்தரத்தைக் குறிக்கும் அந்தச் சொல் எங்கள் ஊர்ப் பிள்ளையின் காதில் முந்திக்கொண்டு விழுவதில் வியப்பில்லை. எல்லாருக்கும் கட்டளையிடும் ஒருவர் என்ற அளவில் அவன் எழுதியது முழுப்பிழை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த விடைத்தாளைத் திருத்திய கிழமையில்தான், கட்டளையிடும் வேலையை இயன்றளவு குறைத்துக்கொண்ட ஒரு கேர்ணலை இவர்களுக்குக் காட்டினால் என்ன என்று எண்ணி, மினிக்ஸ் 3 என்ற பணிசெயல் முறைமையைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினேன். இரண்டு மாதங்கள் அதை வகுப்பில் ஓடவிட்டுப் பார்த்த பின்னர் எழுதும் மதிப்புரை இது.

நான் பயன்படுத்தியது 3.3.0 பதிப்பு. 2014 செப்டெம்பரில் வெளிவந்த அதற்குப் பின் நிலையான பதிப்பு எதுவும் வரவில்லை; 3.4.0இற்கான பரீட்சார்த்தப் பதிப்புகள் 2017 வரை வந்து அத்தோடு ஓய்ந்துவிட்டன. பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. மூலநிரல் முழுவதும், யாரும் எடுத்துத் தம் விருப்பப்படி பயன்படுத்த இடமளிக்கும் பிஎஸ்டி வகை உரிமத்தின் கீழ்த் திறந்து கிடக்கிறது. தீர்ப்பை முதலே கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: தான் செய்வதாகச் சொன்னதை இந்தக் கேர்ணல் செய்கிறது; ஆனால் அதைச் சுற்றியுள்ள முறைமையை வைத்துக்கொண்டு என்னால் தமிழில் ஒரு கடிதம்கூட எழுத முடியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இரண்டு மாதமாக என் மண்டையைக் குடைந்த விடயம்.

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கஸ்தூரியார் வீதியில் பழைய கணினிகளைக் கழற்றி விற்கும் ஒருவரிடம் பென்டியம் 4 பெட்டி ஒன்றையும் ரியல்டெக் 8139 வலையமைப்பு அட்டை ஒன்றையும் வாங்கினேன். அந்த அட்டையைத் தேடி வாங்கியதற்குக் காரணம் உண்டு: மினிக்ஸ் அடையாளம் காணும் வலையமைப்பு அட்டைகள் மிகச் சில, அவற்றுள் எங்கள் ஊரில் பழைய இரும்புக்குள் அகப்படக்கூடியது அதுதான். நிறுவல் கோப்பை இறுவட்டில் எழுதி, யூஎஸ்பி இல்லாத, வட்டமுனை கொண்ட பழைய சாவிப்பலகையைப் பொருத்தி, திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று சொல்லிக்கொண்டு போனதில் ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்த முறைமையைச் சரியாக எடைபோட வேண்டுமானால், அது எதற்காகப் பிறந்தது என்பதையும் பிற்காலத்தில் அதன் குறிக்கோள் எப்படி மாறியது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் ஏழாம் பதிப்போடு, அதன் சொந்தக்காரரான ஏடி அன்ட் டி நிறுவனம் உரிமத்தை இறுக்கி, மூலநிரலை வகுப்பில் வைத்துக் கற்பிப்பதைத் தடுத்தது. அம்ஸ்டர்டாமின் வ்ரியே பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அன்ட்ரூ டனன்பாம், காட்டிப் படிப்பிக்க ஒரு முறைமை இல்லையென்றால் தானே ஒன்றை எழுதுவதென்று முடிவுசெய்து, ஏடி அன்ட் டியின் ஒரு வரியும் கலவாமல், வெளியிலிருந்து பார்த்தால் யுனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் மினிக்ஸை 1987இல் வெளியிட்டார். அவருடைய பாடநூலோடு சேர்ந்து வந்த அந்த நிரல் ஏறத்தாழ 12,000 வரிகள் கொண்டது. ஒரு மாணவன் ஒரு தவணைக்குள் வாசித்து முடித்துவிடக்கூடிய அளவு. அந்த நாளில் அதன் குறிக்கோள் கற்பித்தல் ஒன்றுதான்.

2005 ஒக்டோபரில் பிரைட்டன் நகரில் நடந்த ஆய்வு மாநாட்டில் அறிவிக்கப்பட்ட மூன்றாவது மினிக்ஸ், பெயரால் தம்பியாக இருந்தாலும் நோக்கத்தால் வேறு வீட்டுப் பிள்ளை. இதன் முதற் குறிக்கோள் நம்பகம்: உள்ளே பிழை இருந்தாலும் முறைமை விழக்கூடாது, விழுந்த பகுதி தானாக எழும்ப வேண்டும், பயனர் மீள்தொடக்கப் பொத்தானைத் தேடி ஓடக்கூடாது. டனன்பாம் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவது தொலைக்காட்சிப் பெட்டியை. அதை வாங்குபவர் செருகியை மாட்டிவிட்டுப் பல வருடங்கள் பார்ப்பார். கணினிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்பது அவர் வாதம். இந்த ஆய்வுக்காக 2008இல் ஐரோப்பிய ஆய்வுப் பேரவை அவருக்கு 25 இலட்சம் யூரோ வழங்கியது.

பிழை எங்கே அதிகம் இருக்கிறது என்ற கேள்விக்கு அப்போதே விடை இருந்தது. லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் கேர்ணலை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, வன்தட்டு, வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்களை இயக்கும் ட்ரைவர்களில் பிழை வீதம் கேர்ணலின் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை உயர்ந்திருப்பதைக் காட்டியது. இதில் வியக்க ஒன்றுமில்லை. கேர்ணலின் நடுப்பகுதியை உலகில் எல்லாரும் ஒவ்வொரு நொடியும் பயன்படுத்துகிறார்கள். ஒரு குறிப்பிட்ட அட்டையின் ட்ரைவரையோ அந்த அட்டை உள்ளவர்கள் மட்டுமே சோதிக்கிறார்கள். 2020ஆம் ஆண்டளவில் 2 கோடி 70 இலட்சம் வரிகளைத் தாண்டிவிட்ட லினக்ஸ் மூலநிரலில் பெரும்பங்கு ட்ரைவர்கள்தான். அவை அத்தனையும், ஏற்றப்பட்டதும், கேர்ணலுக்குள்ளே, கேர்ணலின் முழு அதிகாரத்தோடும் ஓடுகின்றன.

எங்கள் பழைய வளவுகளை அறிந்தவர்களுக்கு மினிக்ஸ் இதற்குக் கண்ட மாற்று அமைப்பை விளக்குவது எளிது. ஓலைக் கூரை இருந்த காலத்தில் குசினியைப் பெரிய வீட்டோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டினார்கள். அடுப்பில் பறந்த பொறியால் குசினி எரிந்தாலும் வீடு தப்பும். லினக்ஸ் ஒரே பெரிய கூரை. அதற்குள் நடமாட்டம் வேகமானது, கதவு தட்டத் தேவையில்லை, ஆனால் ஒரு மூலையில் பற்றினால் முழுவதும் போகும். மினிக்ஸில் ஒவ்வொரு ட்ரைவரும் தனி வளவு. கோப்பு முறைமை தனி வளவு, வலையமைப்பு தனி வளவு, புரோசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல்களை, பிறப்பித்து முடிப்பதைக் கவனிக்கும் முகாமையாளரும் தனி வளவு. எல்லாம் நான் எழுதும் சாதாரண செய்நிரலைப் போலவே பயனர் நிலையில், தத்தம் நினைவகத்துக்குள் அடைபட்டு ஓடுகின்றன. பட்டியலைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தபோது, வன்தட்டு ட்ரைவருக்கும் வலையமைப்பு ட்ரைவருக்கும் ஆளுக்கொரு புரோசஸ் இலக்கம் இருந்ததைத் திரையில் கண்ட பிள்ளைகள், பாடப்புத்தகத்தின் படம் எழும்பி நடந்ததுபோல் பார்த்தார்கள்.

இத்தனையையும் வெளியே அனுப்பிவிட்ட பின் கேர்ணலுக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். என்னைக் கவனி என்று வன்பொருள் அனுப்பும் இடைமறிப்புகளைப் பிடிப்பது, மைய முறைவழியாக்கியை ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, வளவுகளுக்கு இடையே செய்தி கடத்துவது, இவற்றோடு மற்றவர்கள் தாமாகச் செய்ய முடியாதவற்றுக்காகக் கேட்கக்கூடிய சுமார் 40 கேர்ணல் அழைப்புகள். அடுத்ததாக யாருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்ற கொள்கைகூட வெளியில் உள்ள ஒரு சேவகனிடம், அதாவது மற்றவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு புரோசஸிடம், விடப்பட்டிருக்கிறது. இந்த வேலைகளுக்கு ஏறத்தாழ 12,000 வரிகள் சி மொழியிலும் 1400 வரிகள் அசெம்பிளி மொழியிலும் போதுமாகின்றன.

வளவுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறைதான் இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் கிடுகு வேலிகளில், அயலவர் வந்துபோக ஒரு பொட்டு, அதாவது சிறு திறப்பு, விட்டிருப்பார்கள். அந்தப் பொட்டால் யார் வரலாம் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். மினிக்ஸில் செய்திகள் எல்லாம் ஒரே நிலையான அளவு கொண்டவை. எந்த புரோசஸ் எந்தெந்த புரோசஸுக்குச் செய்தி அனுப்பலாம் என்ற அட்டவணையைக் கேர்ணல் வைத்திருக்கிறது. வலையமைப்பு ட்ரைவர் கோப்பு முறைமையோடு கதைக்க முயன்றால், அங்கே பொட்டு இல்லை என்று கேர்ணல் திருப்பிவிடும். ட்ரைவர் வன்பொருள் வாசல்களைத் தானே தொட முடியாது; கேர்ணலிடம் கேட்க வேண்டும், கேர்ணலும் இந்த அட்டைக்கு உரிய வாசலா என்று பார்த்துத்தான் தொடும். செய்திக்குள் அடங்காத பெரிய தரவைப் பரிமாற வேண்டுமென்றால், நினைவகத்தின் சொந்தக்காரன் இன்ன இடத்திலிருந்து இன்ன அளவு, வாசிக்க மட்டும் அல்லது எழுத மட்டும், இன்னாருக்கு என்று அனுமதி எழுதிக்கொடுக்க வேண்டும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

ஆனால் இந்த வேலியில் ஒரு ஓட்டை உண்டு. என் கணினியில் அது திறந்தே கிடக்கிறது. வன்தட்டும் வலையமைப்பு அட்டையும் மைய முறைவழியாக்கியைக் கேட்காமல் நேரே நினைவகத்தில் எழுதக்கூடியவை. எங்கே எழுதுவது என்ற முகவரியை ட்ரைவர் பிழையாகக் கொடுத்தால், ட்ரைவர் தன் வளவுக்குள் சாதுவாக இருக்க, அட்டை கட்டாக்காலி மாடு போல எல்லா வேலியையும் பாய்ந்து மேய்ந்துவிடும். இதைத் தடுக்கச் சாதனங்களுக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் காவல் வேண்டும். பென்டியம் 4 காலத்துப் பெட்டியில் அது கிடையாது. மென்பொருளின் கட்டமைப்பு எவ்வளவு கவனமாக வரையப்பட்டாலும் வன்பொருள் துணை நிற்காவிட்டால் அந்த வரைவு அரைகுறையாகவே நிற்கும் என்பதை, மினிக்ஸைப் புகழ்பவர்கள் சற்று உரத்துச் சொல்லியிருக்கலாம்.

இனி, நான் இதை வாங்கி வைத்ததற்கான காரியத்துக்கு வருகிறேன். மினிக்ஸில் மறுபிறவிச் சேவகன் என்று அழைக்கத்தக்க ஒரு புரோசஸ் உண்டு. ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. எல்லா ட்ரைவர்களுக்கும் சேவகர்களுக்கும் அதுதான் பெற்றோர். பிள்ளை இறந்தால் அதற்குத் தெரியவரும். இறக்காமல் மயங்கிக் கிடந்தாலும், இடைக்கிடை உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வராதபோது தானே கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கும். வன்தட்டு ட்ரைவரே செத்துவிட்டால் அதன் புதிய பிரதியை வன்தட்டிலிருந்து எடுக்க முடியாதே என்று கேட்ட மாணவிக்கு அன்று ஒரு ரொபி கொடுத்தேன். அதற்காகவே அப்படிப்பட்ட ட்ரைவர்களின் பிரதி முன்கூட்டியே நினைவகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

பக்கத்து லினக்ஸ் கணினியிலிருந்து ஒரு பெரிய கோப்பை மினிக்ஸுக்குப் பிரதிசெய்ய விட்டேன். அது பாதியில் இருக்கும்போது இரண்டாவது முனையத்தில் வலையமைப்பு ட்ரைவரின் இலக்கத்தைக் கொடுத்துக் கொன்றேன். பிரதிசெய்வது மூச்சுத் திணறியதுபோல் நின்று, பிறகு தொடர்ந்தது. பட்டியலைப் பார்த்தால் அதே பெயரில் புதிய இலக்கத்தோடு ட்ரைவர் இருந்தது. "சேர், இது செத்ததோ இல்லையோ?" என்று முன்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. மீண்டும் கொன்றேன். பிறகு பிள்ளைகள் முறைவைத்து வந்து கொன்றார்கள். ஏழெட்டுத் தரமாவது இருக்கும். கோப்பு முழுமையாக வந்து சேர்ந்த பின்னர் இரு பக்கத்திலும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையைக் கணித்து ஒப்பிட்டோம். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. இடையில் தொலைந்த பொதிகளை டீசீபீ நெறிமுறை திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டதால், பிரதிசெய்த செய்நிரலுக்கு நடந்தது எதுவும் தெரியவில்லை. அடுத்த நாள் வன்தட்டு ட்ரைவரிலும் அதையே செய்தோம். கோப்பு முறைமை, பதில் வராத வாசிப்பைப் புதிய ட்ரைவரிடம் மறுபடி கேட்டது. அதே தொகுதியை இரண்டு தரம் வாசிப்பதால் எந்தக் கேடும் இல்லை.

மினிக்ஸை உருவாக்கியவர்கள் இதைவிடக் கொடுமையான சோதனை நடத்தியிருக்கிறார்கள். 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 4 வலையமைப்பு ட்ரைவர்களுக்குள் 34 இலட்சம் பிழைகளை எழுந்தமானமாகச் செலுத்திப் பார்த்ததில் ஒன்றுகூட முறைமையை வீழ்த்தவில்லை. ஒரே ஒரு தடவை உறைந்து நின்றது, அதற்கும் வன்பொருளே காரணம் போலத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பறைச் சோதனை அதன் முன் சிறுபிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் கண்ணால் காண்பது வேறு.

மறுபிறப்பு என்ற சொல்லைக் கேட்டுச் சைவப் பிள்ளைகள் சிரித்தாலும், இந்தப் பிறவிச் சுழற்சியில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: மறுபடி பிறக்கும் ட்ரைவர் முன்வினையைச் சுமந்து வருவதில்லை. வலையமைப்பு ட்ரைவருக்கும் வன்தட்டு ட்ரைவருக்கும் அது நன்மை. அவை நினைவில் வைத்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். அச்சுப்பொறிக்கு அப்படியல்ல. எத்தனை எழுத்துகள் தாளில் விழுந்தன என்பது இறந்த ட்ரைவரோடு போய்விடுவதால், பிழை செய்நிரலுக்கு அறிவிக்கப்படும். மறுபடி அச்சிட்டால் சில வரிகள் இரட்டிப்பாகலாம். டீசீபீ, ஐபீ வேலையைப் பார்க்கும் வலையமைப்புச் சேவகனையே நாங்கள் கொன்றபோது, அதுவும் எழும்பியது, ஆனால் திறந்திருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோயின. எந்தெந்த புரோசஸ் எந்தெந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்ற முழுக் கணக்கையும் தன்னிடம் வைத்திருக்கும் கோப்புச் சேவகன் விழுந்தால், கதை அதோடு முடிந்தது. ஆகவே, தானே ஆற்றிக்கொள்ளும் முறைமை என்ற விளம்பரத்தை ட்ரைவர்கள் அளவில் முழுமையாகவும், அதற்கு மேல் பாதியளவிலும் நம்பலாம் என்பது என் கணிப்பு. பெரும்பாலான பிழைகள் ட்ரைவர்களில் இருப்பதால் அந்த அளவே பெரிய காரியம்.

இதற்குக் கொடுக்கும் விலை வேகம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஒரு கோப்பை வாசிக்கும் வேண்டுகோள் கோப்புச் சேவகனுக்குப் போய், அங்கிருந்து வன்தட்டின் கோப்பு முறைமைக்குப் போய், அங்கிருந்து ட்ரைவருக்குப் போய், அதே வழியால் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு முறை குனிந்து நிமிர வேண்டும். பெரிய மூலநிரல் ஒன்றைத் தொகுக்கும்போது அந்தத் தாமதம் எனக்கும் தெரிந்தது. ஆனால் அது தாங்கக்கூடிய தாமதம். ஜேர்மனியரான யோகன் லீட்கே 1990களில் தன் எல்4 கேர்ணலில் செய்தி கடத்தலை, இப்படி வேலையைக் குறைத்துக்கொண்ட கேர்ணல்களான முந்தைய மைக்ரோகேர்ணல்களைவிடப் பல மடங்கு வேகமாக்கிக் காட்டினார்; அந்த வழியில் வந்த எஸ்ஈஎல்4, 2009இல், நிரலின் சரித்தன்மை கணித முறையில் நிறுவப்பட்ட கேர்ணலாகியது; அதே வகையைச் சேர்ந்த கியூஎன்எக்ஸ் வாகனங்களில் ஓடுகிறது. எனவே வேகத்தைச் சாட்டுச் சொல்லி மினிக்ஸின் கட்டமைப்பைத் தள்ளிவிட முடியாது.

அதை வீழ்த்தியது வேறு. ட்ரைவர்களைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கென்றே கட்டிய முறைமையில் ட்ரைவர்கள் இல்லை. என் பெட்டியில் யூஎஸ்பி நினைவகக் குச்சி வேலை செய்யவில்லை, கம்பியில்லா இணைப்பு இல்லை, ஒலி அட்டை அடையாளம் காணப்படவில்லை. இன்டெல் வழியில் 32 பிட் மட்டும்தான்; புதிய கணினியில் நிறுவினால் அதன் நினைவகத்தில் ஒரு பகுதியும் முறைவழியாக்கியின் கருக்களில் பெரும்பாலானவையும் சும்மா இருக்கும். நான் இரண்டு மாதமும் எழுத்துத் திரையிலேயே இருந்தேன். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. நெட்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை முறைமையின் பயனர் கருவிகளைச் சேர்த்துக்கொண்டதால் பழக்கமான கட்டளைகள் எல்லாம் இருந்தன. அது ஒரு ஆறுதல்.

இந்த நிலைக்கான விதை மிக முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. மினிக்ஸ் பாவித்துப் பழகிய பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஓகஸ்ட் 25 அன்று தன் புதிய முறைமையை அறிவித்தது மினிக்ஸ் பாவனையாளர்களிடம்தான். முதலில் அது மினிக்ஸின் கோப்பு முறைமையையே பயன்படுத்தியது. 1992 ஜனவரியில் டனன்பாம், ஒரே பாளமாகக் கட்டிய கேர்ணல் 1970களுக்குத் திரும்பிப் போவதாகும் என்று கண்டிக்க, டோர்வால்ட்ஸ் காரசாரமாகப் பதில் கொடுத்தார். கட்டமைப்பைப் பற்றிய வாதத்தில் பேராசிரியரின் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் அவர் மினிக்ஸை மாணவருக்கு ஏற்ற அளவில் சிறிதாகவே வைத்திருக்க விரும்பி, மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்கள் பலவற்றை ஏற்கவில்லை. அதன் உரிமமும் 2000 வரை கட்டற்றதாக இருக்கவில்லை. லினக்ஸ் கதவைத் திறந்து விட்டது, ஆட்கள் ஆளுக்கொரு ட்ரைவரோடு உள்ளே வந்தார்கள். மினிக்ஸ் நம்பகத்தைக் குறிக்கோளாக அறிவித்த 2005இல், வருவதற்கு ஆட்கள் மிஞ்சியிருக்கவில்லை.

இருந்தும் அந்தக் குறிக்கோள் பழசாகிவிடவில்லை. 2024 ஜூலை 19 அன்று, கேர்ணலுக்குள் ஓடிய ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் அனுமதிச்சீட்டு எழுதிய படங்களை என் மாணவர்களும் பார்த்திருந்தார்கள். குசினியைப் பெரிய வீட்டுக்குள் கட்டினால் நடப்பது இதுதான் என்று விளக்க அன்று எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்டெல் 2015 முதல் வெளியிட்ட முறைவழியாக்கிகளோடு வரும் முகாமைத்துவப் பொறி என்ற மறைவான சிறு கணினிக்குள் மினிக்ஸ் 3இன் ஒரு வடிவம் ஓடுவது 2017இல் வெளித்தெரிந்தது. பிஎஸ்டி உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. யாரும் பாவிக்காத முறைமை என்று சிரித்த பிள்ளைகளின் மடிகணினிகளிலேயே அது இருந்திருக்கலாம். ஆயினும் பயனர் பார்க்கவோ நிறுத்தவோ முடியாத இடத்தில் அது ஓடுவது, திறந்த மூலநிரலுக்குக் கிடைத்த பெருமை என்று எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் வைத்துப் பாவிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே கணினியை வீழ்த்துவது ட்ரைவரைவிட மின்சாரம்தான். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மினிக்ஸின் கோப்பு முறைமை மாற்றங்களை முன்கூட்டிக் குறிப்பேட்டில் பதிந்து வைக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. ஆகவே, திடீரென்று மின்சாரம் போனால், மறுதொடக்கத்தில் வன்தட்டு முழுவதையும் சரிபார்க்க வேண்டும். எனக்கு ஒரு பின்னேரம் இரண்டு கோப்புகள் போய்விட்டன. மறுபிறவிச் சேவகனால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. யூபிஎஸ் இல்லாமல் இதை ஓடவிடாதீர்கள்.

கடைக்கு விலைச்சிட்டை அடிக்கவோ, வீட்டில் இணையம் பார்க்கவோ ஒரு முறைமை தேடுபவர் இதன் பக்கம் திரும்பவே வேண்டாம். பணிசெயல் முறைமையைக் கற்பிப்பவர்களுக்கும், உயர்தரத்தை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். பழைய பெட்டி கிடைக்காவிட்டால் மெய்நிகர் இயந்திரத்துக்குள் நிறுவலாம், ஆனால் மெய்யான அட்டையின் விளக்கு அணைந்து மறுபடி எரிவதைப் பார்க்கும் சுகம் அதில் இல்லை.

கடைசிக் கிழமையில், திரைக்கு ஒரு வரியை மட்டும் அனுப்பும் சின்ன ட்ரைவர் ஒன்றை ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னேன். 'கேணல்' எழுதியவன் தன் ட்ரைவரில், எங்கும் சுட்டாத ஒரு சுட்டியின் வழியாக எழுதிவிட்டான். வாசிக்கக் கேட்டதும் அது செத்தது. மறுபிறவிச் சேவகன் எழுப்பியது. மறுபடி கேட்டதும் மறுபடி செத்தது. நிரலிலேயே இருக்கும் பிழையை எத்தனை பிறவி எடுத்தும் கழுவ முடியாது என்பதால், ஒவ்வொரு தரமும் எழுப்புவதற்கு முன் சேவகன் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. அதே கணினியில் அடுத்த முனையத்தில் இருந்த இரண்டு பேர் எதுவும் அறியாமல் தங்கள் நிரலைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது சாவுக்குப் பிறகு அவன் ட்ரைவரை நிறுத்திவிட்டு, தன் மூலநிரலின் 31ஆம் வரியைத் திறந்தான்.